ஒரே கிடாய், ஒரே ரத்தம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குட்டிச் சாவு பற்றியவை. கோபியிலிருந்து ஒரு மாணவி கடல்நாய் பற்றிக் கேட்டிருக்கிறார். படித்துப் பார்த்தால் அதுவும் பட்டிச் சங்கதிதான்: நெருங்கிய ரத்தம் தங்களுக்குள் சேரும் உள்ளினச் சேர்க்கை. அதனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டோம்.

*

கேள்வி: கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சக் காடு) 34 மேச்சேரிச் செம்மறிப் பெட்டை வெச்சிருக்கேனுங்க. மூணு வருசமா ஒரே கிடாய்தான். நல்ல நீளம், நல்ல தோலு. அது போட்ட குட்டின்னா சந்தையில தனி விலைங்க. மொதல் ஈத்தெல்லாம் அருமையா இருந்துச்சு. போன ஈத்துல 31 குட்டி விழுந்து 9 செத்துப்போச்சு, பெரும்பாலும் மொத வாரத்துலயே. தீனிக்கோ தடுப்பூசிக்கோ குறை வெக்கலீங்க. பட்டியிலயே பொறந்து வளந்த பெட்டைக 14 இருக்குது. அதுக போட்ட 13 குட்டியில 7 போயிருச்சு. என்னங்க காரணம்?
— வெள்ளகோவில் வாசகர்

பதில்: கடைசி வரியில் பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த 20 பெட்டைகள் போட்ட 18 குட்டிகளில் செத்தது 2. பட்டியில் பிறந்த 14 பெட்டைகள் போட்ட 13-ல் செத்தது 7. மேய்ந்த காடு ஒன்று, குடித்த தண்ணீர் ஒன்று, போட்ட ஊசி ஒன்று. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: அந்த 14 பெட்டைகளுக்கும் அப்பன் யாரோ, அவற்றின் குட்டிகளுக்கும் அப்பன் அவனே. உங்கள் அருமைக் கிடாய் தன் மகள்களோடு சேர்ந்திருக்கிறது.

இதில் என்ன கெடுதல்? ஒவ்வொரு மரபணுவிலும் ஆட்டுக்கு இரண்டு பிரதிகள் உண்டு, தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது வேலை செய்தால் ஆட்டுக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு நல்ல கிடாயாக இருந்தாலும் இப்படி மறைந்து கிடக்கும் பழுது சில இருக்கத்தான் செய்யும். ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். அது மகளுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. போன மகளோடு அதே கிடாய் சேர்ந்தால், குட்டிக்கு இரண்டு பிரதியும் பழுதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. பெருக்கினால் எட்டுக் குட்டிக்கு ஒன்று. இது ஒரு பழுதுக்கான கணக்கு மட்டும். பழுது பல இருந்தால் அடியும் பல பக்கமிருந்து விழும். அப்பன்–மகள் சேர்க்கையில் பிறந்த குட்டியின் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது அதன் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக இருக்கும் வாய்ப்பு, 25 சதவீதம். அந்தக் குட்டியும் பெட்டையாகி அதே கிடாயோடு சேர்ந்தால் 37.5.

இந்தக் குறைக்கென்று தனி நோய் கிடையாது என்பதுதான் ஆளை ஏமாற்றும் விஷயம். குட்டி எடை குறைவாக விழும். எழுந்து நிற்க நேரமாகும், காம்பைத் தேடாது. சீம்பால் போய்ச் சேராததால் எதிர்ப்புச் சக்தி இருக்காது. பிறகு ஒன்று குளிரில் போகும், ஒன்று கழிச்சலில் போகும், ஒன்று சளியில் போகும். மருத்துவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வார், எல்லாமும் உண்மையாகவே இருக்கும். அடியில் ஓடும் ஒரே காரணம் மட்டும் கண்ணில் படாது. கீழ்த்தாடை குட்டையாக இருப்பது, இமை உள்ளே மடிந்து கண்ணை உரசுவது, ஒற்றை விதை மட்டும் இறங்கியிருப்பது ஆகியவை ஒரே ஈத்தில் இரண்டு மூன்று குட்டிகளில் தென்பட்டால் சந்தேகம் உறுதியாகிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த 14 பெட்டைகளில் பலவும் தலையீத்தாக இருக்கும். தலையீத்துக் குட்டி எப்போதுமே கொஞ்சம் எடை குறைவு, தாய்க்குப் பாலும் குறைவு, சிலது குட்டியைச் சேர்க்கவே சேர்க்காது. எனவே 7 சாவையும் கிடாய் தலையில் கட்டிவிட முடியாது. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய பெட்டைகள் தங்கள் தலையீத்தில் எத்தனை குட்டியைப் பறிகொடுத்தன என்று நினைவிருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஈத்து சொல்லிவிடும்.

அதற்காக இந்தக் கிடாயை உடனே விற்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்த அந்த 20 பெட்டைகளுக்கு அது இன்னமும் நல்ல கிடாய்தான். பட்டியை இரண்டாகத் தடுத்து, 20 பெட்டையோடு பழைய கிடாயையும், 14 பெட்டையோடு உறவில்லாத புதுக் கிடாயையும் விடுங்கள். செம்மறி 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 51 நாள் விட்டால் மூன்று சுற்று கிடைக்கிறது, தப்பியதும் சினையாகிவிடும். பிறகு கிடாய்கள் இரண்டையும் வெளியே எடுத்துவிடலாம். நாலு மாதம் தாண்டிய கிடாய்க்குட்டிகளைத் தாயோடும் தங்கைகளோடும் விடாதீர்கள். ஐந்து, ஆறு மாதத்திலேயே அவை வேலையைக் காட்டிவிடும்.

ஈத்து சமயத்தில் தொங்கு தராசும் ஒரு சாக்குப்பையும் பட்டியில் இருக்கட்டும். ஈரம் காய்ந்ததும், 12 மணி நேரத்துக்குள் குட்டியை நிறுத்து எழுதுங்கள். 200 பக்க நோட்டுப் போதும்: தாய் எண், கிடாய் எண், தேதி, ஒற்றையா இரட்டையா, எடை, செத்தால் எத்தனையாவது நாள். எடை குறைந்த குட்டி தானாகக் குடிக்கவில்லை என்றால் தாயின் சீம்பாலைக் கறந்து கொடுக்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லி, முதல் நாள் முடிவதற்குள் மொத்தம் 400 மில்லி. தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின். இதெல்லாம் குட்டியைக் காப்பாற்றும், ரத்தத்தை மாற்றாது. அதற்குக் கிடாயைத்தான் மாற்ற வேண்டும்.

*

கேள்வி: பெட்டை ஆட்டை 30-லிருந்து 100 ஆக்கப் போறேனுங்க. பட்டி பெருசானா ரத்தம் தானா கலந்துக்குமில்லீங்களா? அப்புறம் எதுக்குக் கிடாய் மாத்தோணும்?
— தாராபுரம் வாசகர்

பதில்: கலக்காது. முதலில் ஒரே கிடாய்க்கு இத்தனை பெட்டையை விட்டால் பல சினை பிடிக்காமல் போகலாம், அது வேறு சிக்கல். உங்கள் கேள்விக்கான பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. கிடாய் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்குங்கள். வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

1 கிடாய், 30 பெட்டை: 120-ஐ 31-ஆல் வகுத்தால் 3.9. 1 கிடாய், 100 பெட்டை: 400-ஐ 101-ஆல் வகுத்தால் 3.96. பார்த்தீர்களா? பெட்டை மூன்று மடங்குக்கு மேல் கூடியும் எண் அசையவே இல்லை. கண்ணுக்கு 101 ஆடு தெரிந்தாலும் மரபணுக் கணக்கில் உங்கள் பட்டியில் இருப்பது 4 ஆடு. ஏனென்றால் பிறக்கும் ஒவ்வொரு குட்டியின் பாதியும் அந்த ஒரே கிடாயிலிருந்து வருகிறது. அதே 30 பெட்டைக்கு உறவில்லாத 2 கிடாய் விட்டால் 7.5. 100 பெட்டைக்கு 4 கிடாய் என்றால் 15.4.

இந்த எண்ணை இரட்டித்து ஒன்றை அதனால் வகுத்தால், ஒரு தலைமுறைக்கு எவ்வளவு உள்ளினச் சேர்க்கை ஏறும் என்று கிடைக்கும். 4 ஆட்டுக் கணக்கில் 12.5 சதவீதம். 15.4 கணக்கில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு இனத்தைக் காப்பாற்ற இந்த எண் குறைந்தது 50 இருக்க வேண்டும், ஏற்றம் தலைமுறைக்கு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக உணவு வேளாண் அமைப்பு சொல்லும் அளவு. தனிப் பட்டியில் 50 வராது. வெளியிலிருந்து கிடாய் வந்துகொண்டே இருந்தால்தான் அது சாத்தியம். அண்ணன் தம்பிக் கிடாய் இரண்டை வாங்கி வந்துவிட்டு ‘2 கிடாய்’ என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது ஒன்றரைக்குச் சமம்கூட இல்லை.

*

கேள்வி: ஆட்டுப் பட்டிக்கு மனிதர் கிடாய் மாற்றுகிறார். காட்டு விலங்குகளுக்கு யார் மாற்றுவது? சீல் எனப்படும் கடல்நாய்களில் உள்ளினச் சேர்க்கையால் குட்டிகள் சாகின்றன என்று பாடத்தில் வருகிறது. கடலில் பிறக்கும் குட்டியின் அப்பன் யாரென்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— கோபிசெட்டிபாளையம் மாணவி

பதில்: அப்பனைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை என்பதுதான் இதில் நயம். குட்டியின் சொந்த டி.என்.ஏ.வே சொல்லிவிடும். அடையாள வில்லை மாட்டும்போது பின்துடுப்பின் சவ்விலிருந்து சின்னத் துண்டு தோல் எடுக்கிறார்கள், நாம் காதில் வில்லை குத்தும்போது விழும் துண்டு மாதிரி. அதில் ‘மைக்ரோசாட்டிலைட்’ எனப்படும், ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் படிக்கிறார்கள். தாய் தந்த பிரதியும் தகப்பன் தந்த பிரதியும் பல இடங்களில் ஒரே நீளமாக இருந்தால், பெற்றோர் இருவரும் நெருங்கிய ரத்தம் என்று ஊகிக்கலாம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கிழக்கே அட்லாண்டிக்கில் சேபிள் தீவு என்று நீண்ட மணல்திட்டு ஒன்று உண்டு. அங்கே பிறந்த, துறைமுகச் சீல் என்னும் இனத்துக் குட்டிகளை நிறுத்து, தோல் எடுத்து, பால் மறக்கும் வரை எது பிழைத்தது என்று பின்தொடர்ந்தார்கள். 1998-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு பிரதிகளும் எவ்வளவுக்கெவ்வளவு விலகியிருந்தனவோ, அவ்வளவுக்குக் குட்டி கனமாகப் பிறந்தது, பிழைக்கும் வாய்ப்பும் கூடியது. இந்தச் சீல் குட்டிக்குத் தாய்ப்பால் நாலு வாரத்துக்குள்தான். அதற்குள் கொழுப்பு ஏற்றிக்கொண்டு, தாய் விட்டுப்போன பிறகு தானே மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறக்கும்போதே அரைக் கிலோ குறைவு என்றால் குளிர்ந்த நீரில் அது பெரிய கடன். வெள்ளகோவில் வாசகரின் முதல் வாரச் சாவும் இதுவும் ஒரே கதை.

ஐந்தாறு இடங்களை மட்டும் படித்து ஒரு விலங்கின் ரத்தத்தை எடைபோடுவது, நாலு சோறு பதம் பார்த்துக் கல்யாணப் பந்தி முழுக்கச் சொல்வது மாதிரி. தொழில்நுட்பம் வளர்ந்ததும் 14,000-க்கு மேற்பட்ட இடங்களைப் படித்தார்கள். வடகடல் ஓரம் டச்சுக் கரையில் ஒதுங்கிய துறைமுகச் சீல்களில் 2014-ல் இதைச் செய்தபோது, நுரையீரல் புழு பீடித்ததற்கும் உள்ளினச் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பு பளிச்சென்று தெரிந்தது. முன்பு 27 இடங்களை மட்டும் பார்த்தபோது அது மங்கலாகவே இருந்தது.

புழு என்றதும் நம் ஆட்டுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் மேய்ப்பன் இல்லாமல் திரியும் ஸோய் செம்மறிகளில், நெருங்கிய ரத்தத்தில் பிறந்தவற்றுக்குக் குடற்புழு அதிகம், குளிர்காலத்தில் அவையே அதிகம் செத்தன. புழு மருந்து கொடுத்த ஆடுகளில் அந்த வேறுபாடு மறைந்துபோனது. இதைப் பண்ணையாளர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். மருந்தும் தீனியும் சரியாக இருக்கும் வரை உள்ளினச் சேர்க்கையின் கெடுதல் பல சமயம் முழுதாக வெளியே தெரியாது. ஒரு வறட்சி வந்து கொழுக்கட்டைப் புல் காய்ந்த வருடம் அது முழுதாகத் தலையைக் காட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி, காட்டில் கிடாயை யார் மாற்றுவது? பெட்டைகளே மாற்றிக்கொள்கின்றன. தென் அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பறவைத் தீவில் அண்டார்டிக் மென்மயிர்ச் சீல்கள் ஈனுகின்றன. பெண் சீல் தான் பிறந்த இடத்துக்குச் சில மீட்டர் தூரத்திலேயே வந்து ஈனும், ஆண்களும் ஆளுக்கொரு இடம் பிடித்து அசையாமல் கிடக்கும். பக்கத்தில் கிடப்பது உறவுக்கார ஆணாக இருக்கலாம். அங்கே பெண் சீல்கள் கரையோரம் நடந்துபோய், உறவில்லாத, மரபணு வேற்றுமை மிகுந்த ஆணாகப் பார்த்துச் சேர்வதை 2007-ல் கண்டறிந்தார்கள். கிளுவை வேலிக்குள் இருக்கும் நம் பெட்டைக்கு அந்தத் தேர்வு கிடையாது.

அதே தீவில் இன்னொன்றும் நடந்தது. கடல் சூடாகி, இறால் போன்ற கிரில் உணவு குறையக் குறைய, இனப்பெருக்க வயதை எட்டிய பெண் சீல்களின் மரபணு வேற்றுமை இருபது ஆண்டுகளில் தலைமுறைக்கு 8.5 சதவீதம் என்று ஏறியது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். உண்மையில், வேற்றுமை குறைந்த குட்டிகள் வளருமுன்பே செத்துவிட்டன, மிஞ்சியவை மட்டும் கணக்கில் வந்தன. மொத்தக் கூட்டம் சுருங்கிக்கொண்டே போயிற்று. இரண்டு பிரதியும் வெவ்வேறாக இருப்பது சொத்துப் போலப் பிள்ளைக்குப் போவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் புதிதாக அமைகிறது. கலப்பு ஆட்டை வாங்கிவந்து அதன் கொழுத்த குட்டிகளையே தங்களுக்குள் சேர்த்து, ‘அடுத்த ஈத்து ஏன் அப்படி இல்லை’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

*

கேள்வி: வட அமெரிக்காவுல யானைச் சீல் 20, 30-ஆ இருந்து லட்சக்கணக்குல பெருகிருச்சுன்னு படிச்சேன். அத்தனையும் ஒரே ரத்தம்தானே? ஒண்ணும் ஆகலையே! சும்மா பயமுறுத்தறீங்களோ?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: நியாயமான கேள்வி, தகவலும் சரி. எண்ணெய்க்காக வேட்டையாடி, 19-ம் நூற்றாண்டு முடிவில் வடக்கு யானைச் சீல் சில பத்துக்குள் சுருங்கிவிட்டது. மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில்தான் மிச்சம் இருந்தது. 1892-ல் அங்கே போன அருங்காட்சியகக் குழு கண்டதே ஒரு கைப்பிடி, அதிலும் 7 சீல்களைக் கொன்று எடுத்துப் போனது. 1922-ல் மெக்சிகோ பாதுகாப்பு அளித்தது. இன்று 2 லட்சத்துக்கு மேல். 1974-ல் 159 விலங்குகளின் ரத்தப் புரதங்கள் வழியாக 24 மரபணு இடங்களைச் சோதித்து ஒன்றில்கூட வேறுபாடு காணவில்லை. கரையில் ஒரு பெரிய ஆண் 40, 50 பெண்களைச் சுற்றிக் காவல் காக்கும் இனம் இது, அதாவது ஒற்றைக் கிடாய்ப் பட்டி. தாராபுரம் வாசகருக்குச் சொன்ன கணக்கை இங்கே போட்டால், இருந்த சில பத்தும் மரபணுக் கணக்கில் பத்துக்குக் கீழே போய்விடும்.

பிறகு எப்படிப் பிழைத்தது? வேட்டை நின்றதும் வேகமாகப் பெருகியது முதல் காரணம். ஒரு கூட்டம் எத்தனை தலைமுறை சிறியதாகவே கிடக்கிறதோ, அத்தனைக்கும் சேர்த்துத்தான் இழப்பு. ஓரிரு தலைமுறை நெருக்கடிக்குப் பிறகு விரிந்துவிட்டால் தப்பிக்கலாம். இரண்டாவது, கொடிய பழுது இரட்டையாக அமைந்த குட்டிகள் செத்தே போயிருக்கும், அப்படியே அந்தப் பழுதுகள் சில கூட்டத்திலிருந்து கழிந்திருக்கும். அந்தக் குட்டிகளை யாரும் எண்ணவில்லை. மூன்றாவது அதிர்ஷ்டம். 2024-ல் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்விலும் எடையிலோ, கொழுப்புப் படலத்திலோ, நோயிலோ உள்ளினச் சேர்க்கையின் பாதிப்புத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே அச்சு என்னும்போது யாரை யாரோடு ஒப்பிடுவது? புதுக் கிருமி ஒன்று வந்தால் அத்தனை வீட்டுக்கும் ஒரே சாவி.

பின்லாந்தின் சைமா ஏரியில் பனிக்காலம் முடிந்ததிலிருந்து அடைபட்டிருக்கும் வளையச் சீலைப் பாருங்கள். மரபணு வேற்றுமை மிகக் குறைவு, எண்ணிக்கை சில நூறு. குட்டி போட வளைக்குப் பனி போதாத வருடங்களில் ஆட்கள் மண்வெட்டியால் பனியைக் குவித்துக் கொடுக்கிறார்கள்.

பழுது கழியும் வரை நூறு வருடம் குட்டிச் சாவைத் தாங்க நீங்கள் தயார் என்றால் யானைச் சீல் வழி உங்களுக்கும் உண்டு. வங்கிக் கடன் தவணை காத்திருக்காது.

*

கேள்வி: நாங்க ஒரே கூட்டத்துக்குள்ள (தகப்பன் வழிக் குலம்) பொண்ணு எடுக்கறதில்லீங்க. அது போதாதுங்களா? மாமன் பொண்ணைக் கட்டறது தப்புங்களா?
— காங்கேயம் வாசகர்

பதில்: கூட்டம் தகப்பன் வழியை மட்டும் பார்க்கிறது, மரபணு இரு வழியையும் பார்க்கிறது. தகப்பன் வழியில் பத்துத் தலைமுறை தள்ளியிருக்கும் பங்காளி வீட்டுப் பெண், ரத்தக் கணக்கில் கிட்டத்தட்ட அந்நியம். தாய்மாமன் மகள் நெருக்கம்: அந்தச் சேர்க்கையில் பிறக்கும் குழந்தைக்கு உள்ளினச் சேர்க்கை அளவு 6.25 சதவீதம். அக்காள் மகளைக் கட்டினால் 12.5. முறை, தப்பு பற்றிச் சொல்வது எங்கள் வேலை இல்லை. குடும்பத்தில் காது கேளாமையோ, ரத்த நோயோ, குழந்தைகள் சிறுவயதில் இறந்ததோ இருந்தால், நிச்சயத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

*

கேள்வி: எங்க காங்கேயம் மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பொறந்த கிடாரி இப்ப பருவத்துக்கு வந்திருக்குதுங்க. மறுபடி அதே ஊசி போடலாங்களா? கிடாரி மயிலை, அந்தக் காளை காரின்னு சொன்னாங்க, அதனால வேற ரத்தம்தானுங்களே?
— சென்னிமலை வாசகி

பதில்: போடக் கூடாது, அதே காளையாக இருந்தால் அப்பன்–மகள்தான். நிறத்தை வைத்து ரத்தம் சொல்ல முடியாது. காங்கேயம் கன்று செவலையாய்ப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாகிறது, ஒரே மாட்டுக்கே இரண்டு நிறம்.

உறைவிந்துக் குச்சியின் மேலேயே காளை எண், இனம், தயாரித்த நிலையம், தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். 0.25 மில்லி பிடிக்கும் மெல்லிய குழாய்தான், ஊசி போட்டதும் கீழே போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிக் கழுவி, நோட்டில் அந்த மாட்டின் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். அடுத்த முறை குச்சியைப் பாத்திரத்திலிருந்து எடுக்கும் முன்பே எண்ணைக் கேளுங்கள். உருக்கிய குச்சியை மறுபடி உறைய வைக்க முடியாது, பிறகு வேண்டாம் என்றால் வீண்தான். ஒரு காளையின் ஒரே தடவை விந்தில் நூற்றுக்கணக்கில் குச்சி வரும். அதனால் சுற்றுவட்டாரக் கிடாரிகள் பலவும் ஒருதகப்பன் பிள்ளைகளாக இருக்கும். உள்ளூரில் காளைக்கு விடுவதானாலும் அந்தப் பூச்சிக்காளையின் (பொலிகாளையின்) தகப்பன் யாரென்று விசாரியுங்கள். பழையகோட்டை, கண்ணபுரம் சந்தைகளில் கன்று வாங்கும்போது சுழி பார்க்கிற நேரத்தில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம்.

*

கேள்வி: பெருவிடைக் கோழி, ஒரே சேவல். முட்டை பாதி பொரியறதில்லை. காரணம்?
— அந்தியூர் வாசகர்

பதில்: ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் முட்டை கூடவில்லை: சேவலுக்கு வயதாகியிருக்கலாம், அல்லது முட்டை பழசு. ரத்த நாளம் ஓடி, பிறகு நின்றுபோனவை அதிகம் என்றால், அடைவெப்பம் சரியாக இருக்கும் பட்சத்தில் உள்ளினச் சேர்க்கையைச் சந்தேகிக்கலாம். வேறு ஊர்ச் சேவல் ஒன்றை விட்டு, மூன்று வாரம் கழித்து வரும் முட்டைகளை மட்டும் அடைவையுங்கள். பழைய சேவலின் விந்து கோழியின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கும்.

*

கேள்வி: நாங்க மூணு பேரு பக்கத்துப் பக்கத்து ஊருங்க, ஆளுக்கு 30, 40 செம்மறி. எங்களுக்குள்ள கிடாய் மாத்திக்கலாம்னு இருக்கோம். எப்படிச் செய்யறது?
— மூலனூர் வாசகர்

பதில்: ஒரே திசையில் சுற்றுங்கள், அதுதான் முழு ரகசியமும். முதல் பட்டியில் பிறந்த கிடாய் இரண்டாம் பட்டிக்கு, இரண்டாம் பட்டியில் பிறந்தது மூன்றாவதுக்கு, மூன்றாவதில் பிறந்தது முதல் பட்டிக்கு. தன் பட்டியில் பிறந்த கிடாயைத் தன் பட்டிக்கே யாரும் விடக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும். ஒருமுறை திசை மாறினாலும், கொடுத்த கிடாயின் மகனே திரும்பித் தாத்தா வீட்டுக்கு வந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால் இப்படிக் கணக்கிடுங்கள். கிடாய் விட்ட ஐந்தாம் மாதம் குட்டி விழும். பெட்டைக்குட்டி அதன்பின் ஒன்பதாவது, பத்தாவது மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். ஆக 14, 15 மாதத்தில் கிடாய் கிளம்பிவிட வேண்டும். ‘ரெண்டு வருசம் ஆகட்டும்’ என்பவர்கள் பட்டியில் மகள்களின் முதல் சினை பழைய கிடாயுடையதாகவே இருக்கிறது.

தொடங்கும் முன் மூவரும் உட்கார்ந்து இப்போதுள்ள கிடாய்கள் எங்கே வாங்கியவை என்று பேசிவிடுங்கள். மூன்றும் ஒரே வியாபாரியிடம், ஒரே பட்டியிலிருந்து வந்திருந்தால் நீங்கள் சுற்றுவது ஒரே ரத்தத்தை. அப்படியானால் ஒரு கிடாயாவது தொலைவிலிருந்து வரட்டும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். நான்கைந்து தலைமுறைக்கு ஒருமுறை இப்படிப் புது ரத்தம் வந்தே ஆக வேண்டும், மூன்று பட்டிச் சுற்று சிதைவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இனத்துக்குள்ளேயே தூரத்து ரத்தம் கிடைக்கும்போது வேறு இனக் கிடாயைக் கொண்டுவந்து மேச்சேரியின் தோலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும் கிடாய்க்கு நிலைப்பல் இரண்டோ நாலோ இருக்கட்டும். விதை இரண்டும் இறங்கி, சமமாக, கையில் இறுக்கமாக இருக்க வேண்டும். கிடாய் ஊர்மாறும்போது நோயும் ஊர்மாறும். வந்ததும் 21 நாள் தனியாகக் கட்டுங்கள். அதற்குள் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனை முடிந்துவிட வேண்டும். கருச்சிதைவை ஊருக்கே பரப்பிய கிடாய்கள் உண்டு.

கடைசியாக, திட்டம் அதிகம் கெடும் இடம் ஒன்று. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய். அதைக் காயடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், கோயில் பொங்கல் தள்ளிப்போனால் மூன்று நாலு வருடம்கூடப் பட்டியில் நிற்கும். நோட்டில் அதற்குப் பெயர் இருக்காது. பகலில் நீங்கள் விட்ட கிடாய், ராத்திரியில் சாமி கிடாய். அதைத் தனிக் கட்டுத்தறியில் கட்டுங்கள். மேய்ச்சலுக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், வயிற்றைச் சுற்றி முழ அகலச் சாக்குத்துணியைக் குறிக்கு முன்னால் தொங்கும்படி கட்டிவிடுங்கள், ஏறினாலும் சேர முடியாது. துணி நனைந்தால் புண்ணாகும், ஈ முட்டை வைக்கும். தினமும் அவிழ்த்துக் காயவைத்துக் கட்டுங்கள்.